ரெய்டு போட வந்தவள்

எங்கள் தொழிலில் ஒரு வார்த்தை இருக்கிறது. எங்களுக்குள் சொல்லிக்கொண்டால் ஒன்றும் ஆகாது. வெளியாள் முன்னால் சொன்னால் மட்டும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அந்த வார்த்தை ரெய்டு.

விஷயம் ரொம்ப சாதாரணம். சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டருக்குள் நாலைந்து டிஸ்குகள் இருக்கும். டிஸ்க் என்றால் என்றாவது ஒருநாள் சாகத்தான் செய்யும். ஒன்று செத்தாலும் மற்றவை சேர்ந்து அதில் இருந்ததைத் திருப்பித் தரும்படி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவைப்பதற்குத்தான் ரெய்டு போடுவது என்று பெயர். மெஷினை ஓட்டும் ஓ.எஸ். என்கிற மென்பொருளை ஏற்றுவதற்கு முன்னாலேயே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். இதற்கென்று கன்ட்ரோலர் என்று ஒரு கார்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். அதன் திரைக்குள் போய், நீங்கள் எல்லாம் இனிமேல் ஒரே குடும்பம், உங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே வால்யூம், அதாவது ஒரே பெரிய டிஸ்க் என்று சொல்லிவிட வேண்டும். கார்டு அதை ஒவ்வொரு டிஸ்கின் ஓரத்திலும் எழுதிவைத்துக்கொள்ளும். அப்புறம்தான் ஓ.எஸ்., மற்றதெல்லாம்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இந்தக் கட்டம்தான். மெஷினில் இன்னும் யாரும் குடிவந்திருக்க மாட்டார்கள். கலர் இருக்காது, படம் இருக்காது, விளம்பரம் இருக்காது. ஒரு கேள்வி கேட்கும், நான் பதில் சொல்வேன், அடுத்த கேள்வி. அந்தத் திரை என்னிடம் வழவழ கொழகொழவென்று பேசியதே இல்லை. மனிதர்களிடம் எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆபீஸில் எனக்கு ஊசிப்பட்டாசு என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

அஸ்தினாபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. புருஷனும் பெண்சாதியும் நடத்துகிறார்கள். அவர் கல்யாணங்களுக்குப் போய்ப் படம் பிடிப்பார், அந்தம்மா வீட்டு மாடியில் உட்கார்ந்து எடிட்டிங் செய்வார். பழைய சர்வரில் இடம் தீர்ந்துபோய்ப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார்கள். அதற்கு ரெய்டு போட்டு, ஓ.எஸ். ஏற்றி, பழையதில் இருக்கும் கல்யாணங்களை எல்லாம் புதியதுக்கு மாற்றித் தர வேண்டும். குரோம்பேட்டையில் இன்னொரு ஸ்டுடியோக்காரர் சொல்லி அஸ்தினாபுரத்துக்காரர் என்னைக் கூப்பிட்டிருந்தார். அவரிடம் பேசியிருந்தேனே தவிர, அந்தம்மாவை நான் பார்த்ததில்லை.

முதல்நாள் சாயங்காலம் ஸ்டுடியோ நம்பருக்குப் போன் செய்தேன். ஒரு பெண் குரல் எடுத்தது.

"சார் இருக்காரா?"

"இல்லீங்க. கூடுவாஞ்சேரில கல்யாணம். நாளைக்கு முகூர்த்தம் முடிஞ்சிதான் வருவாரு."

"சரி, நாளைக்கு காலைல ரெய்டுக்கு வரோம்னு சொல்லிடுங்க. பழைய சர்வரையும் பார்க்கணும். அதுவரைக்கும் எதையும் மாத்தி வைக்காதீங்க, இருக்கறது இருக்கற இடத்துலயே இருக்கட்டும்."

அப்புறம் சின்னக் குரலில் கேள்வி வந்தது. "யாருன்னு சொல்றது?"

"அவருக்குத் தெரியும்," என்றேன். போனை வைத்துவிட்டேன். இன்று இதை எழுதும்போது ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்கிறேன். சீருடை போட்டவர்கள்கூட இதைவிட நன்றாகப் பயமுறுத்தியிருக்க மாட்டார்கள். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை, தோசைக்கு மாவு இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் ஊரப்பாக்கத்தில் இருந்து ஸ்கூட்டரில் கிளம்பினேன். புது டிஸ்குகள் நாலும் என் பையில், ஒட்டுப் பிரிக்காமல். டீலரிடம் வெறும் சர்வரை மட்டும் அனுப்பு, டிஸ்கை நானே கொண்டுபோகிறேன் என்று கறாராகச் சொல்லியிருந்தேன். அந்த டீலர்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. பழைய டிஸ்கைத் துடைத்துப் புதிது என்று தலையில் கட்டிவிடுவான். பெருங்களத்தூரில் நின்று, இரும்புலியூரில் நின்று, தாம்பரத்தில் ஒரு பஸ் டிரைவரிடம் நாலு வார்த்தை பேசி, ஒரு வழியாக அஸ்தினாபுரம் போய்ச் சேர்ந்தேன்.

கேட்டில் உள்பக்கமாகப் பூட்டு தொங்கியது. பெல் அடித்தேன். ஜன்னல் திரை கொஞ்சமாக விலகி, மறுபடி மூடிக்கொண்டது. மறுபடி அடித்தேன். அந்தம்மா வந்து கதவு இடுக்கில் நின்றார். நாற்பது வயது இருக்கும். முகம் தூக்கமே இல்லாத முகம்.

"சார் வூட்ல இல்ல," என்றார்.

"தெரியும்மா. நேத்து போன் பண்ணது நான்தான். ரெய்டுக்கு."

அவர் எனக்குப் பின்னால் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "தனியாவா வந்தீங்க?"

"இதுக்கு எதுக்கும்மா கும்பல்? நான் ஒருத்தியே பார்த்துக்குவேன்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் கண் என் பையிலேயே இருந்தது. வாரண்டு அதில்தான் இருக்கிறது என்று நினைத்திருப்பார் போல.

நல்லவேளையாக அந்த நேரத்தில் பைக் வந்து நின்றது. ஸ்டுடியோக்காரர். தோளில் கேமரா பை, நெற்றியில் யாரோ வைத்துவிட்ட சந்தனம், ஒரு கையில் தாம்பூலப் பை. தூங்காத கண்ணோடு வாயெல்லாம் பல்லாக, "வாங்க மேடம், வாங்க! ரெய்டு போட்டுடலாமா?" என்றார். பெண்சாதி பக்கம் திரும்பி, "சொன்னேன்ல, புது சர்வரு. டிஸ்க்கை எல்லாம் சேர்த்துக் கட்டுவாங்க, அதுக்குப் பேரு ரெய்டு. மேடம் அதுல புலி," என்றார்.

அந்தம்மா விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

நானும் அவரும் மாடிக்குப் போனோம். எடிட்டிங் அறையில் மேசைக்குப் பக்கத்து ஸ்டாண்டில் பழைய சர்வர் நின்றது. கறுப்பு, முன்பக்கம் வலைபோட்ட மூடி. ஏற்கனவே அணைத்து வைத்திருந்தார்கள். ஒழுங்கான வீடு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். புதியதும் அதே கம்பெனி, அதே கறுப்பு, அதே மூடி, பக்கத்தில் அட்டைப்பெட்டியில் இருந்தது. வயர்கள் எல்லாம் ஸ்டாண்டுக்கே வருவதால் புதியதை அங்கே வைத்துவிட்டுப் பழையதை மாடிப்படிக்கு அடியில் வைக்கலாம் என்றேன். அவரே பழையதைத் தூக்கிக்கொண்டு போனார். "இன்னா மேடம், போன தடவ தூக்கும்போது இடுப்பு உடைஞ்சிது, இப்ப பஞ்சு மாதிரி இருக்கு. ஜிம்முக்குப் போறது வீண் போகல," என்றார். நானும் சிரித்துக்கொண்டே புதியதைப் பெட்டியிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் வைத்து வயர்களை மாட்டினேன்.

பிறகு கீழே உட்காரவைத்து, முகூர்த்தத்தில் கட்டிக்கொடுத்த வடையும் பொங்கலும் கொடுத்து ஆல்பங்களை எடுத்துப் போட்டார். எனக்கு வேலை ஆரம்பிக்க வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் ஒரு ஆல்பத்தில் அவர் குரல் இறங்கியது.

"இந்தக் கல்யாணம் மட்டும் பத்திரமா மாத்திக் கொடுத்துடுங்க மேடம். மத்ததெல்லாம் போனாக்கூட எவன்கிட்டயாவது திட்டு வாங்கிக்கலாம்."

போட்டோவில் மணப்பெண்ணின் அம்மா. நல்ல உயரம், பெரிய பொட்டு, வாய் எதையோ அதட்டிக்கொண்டிருந்தது. கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளிலேயே இறந்துபோய்விட்டாராம். வீடியோ இன்னும் எடிட்டிங்கில் இருந்தது. கேமரா கார்டுகளை அழித்து அடுத்தடுத்த கல்யாணங்களுக்குப் போட்டுவிட்டார்கள், ஆகவே சர்வரில் இருப்பதுதான் ஒரே பிரதி. பெண்ணின் அப்பா வாரத்துக்கு ஒருமுறை வாக்கிங் போகிற சாக்கில் வந்து மாடியில் உட்கார்ந்துகொள்வாராம். "எங்க வீட்டம்மா எதுவும் கேக்காம அவரு சம்சாரம் பேசற அந்த ஒரு இடத்தை ஓட்டிக் காட்டும். பார்த்துட்டுப் போயிடுவாரு. இன்னிக்கு சாயங்காலம்கூட வருவாரு," என்றார்.

ஒரே பிரதி என்றதும் எனக்குச் சுள்ளென்று ஏறியது. பேக்கப் என்ற வார்த்தையை இந்தப் புறநகரில் நான் சொல்லாத வீடு கிடையாது. எடுத்த எடுப்பில் அவரைப் பிடித்துக் காய்ச்சினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். முடித்ததும், "குளிச்சிட்டு வந்துடறேன் மேடம், ராத்திரி பூரா மண்டபத்துல நின்னது," என்று நழுவிவிட்டார்.

நான் மாடிக்குப் போய்ப் புது சர்வரை ஆன் செய்தேன். டிஸ்க் போடுவதற்கு முன்னால் மெஷின் சும்மா ஒருமுறை எழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். எழுந்தது. ஆனால் காலியாக இருக்க வேண்டிய மெஷினுக்குள் டிஸ்குகள் சுற்றுகிற சத்தம் கேட்டது. கன்ட்ரோலர் திரைக்குள் போனேன். நாலு டிஸ்க் இருக்கிறது என்றது. நாலும் ஃபாரின் என்றது.

இந்த ஃபாரின் என்பது சென்ட், சாக்லேட் வரும் ஃபாரின் இல்லை. இந்த டிஸ்குகள் வேறு ஒரு குடும்பத்தோடு இருந்தவை, அந்தக் குடும்பத்தின் பெயர் இவற்றில் எழுதியிருக்கிறது, நான் என்ன செய்யட்டும் என்று கார்டு கேட்கிறது. இரண்டு பதில்தான் உண்டு. அந்தக் குடும்பத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். இல்லையென்றால் எழுதியிருப்பதை அழிக்கலாம். இரண்டும் திரையில் அடுத்தடுத்த வரிகள்.

எனக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. டீலர்! வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் எங்கேயோ கழற்றிய பழைய டிஸ்குகளைச் செருகி அனுப்பி, பில்லில் சேர்த்திருக்கிறான். உடனே போன் போட்டேன். "நான் டிஸ்க்கே வைக்கலையே மேடம்," என்றான். "அப்ப டிஸ்க் என்ன தானா முளைச்சுதா?" என்றேன். அதன்பிறகு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, திட்டிக்கொண்டே, அழிக்கும் வரிக்கு நகர்ந்தேன். இந்த மாதிரி பழைய டிஸ்குகளைக் கண்டால் எல்லாரும் செய்வது அதுதான். அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. நிச்சயமாகத்தானா என்று திரை கேட்டது.

அப்போது டீலர், "ஆதாரம் இருந்தா அனுப்புங்க மேடம், நான் பார்க்கறேன்," என்றான். ஆதாரமா கேட்கிறாய், இரு என்று போனை அணைத்தேன். டிஸ்குகளைப் போட்டோ எடுத்து அனுப்பி அவன் மானத்தை வாங்கிவிட வேண்டும் என்று, விரலை எடுத்துவிட்டு, சர்வரின் முன்மூடியைக் கழற்றினேன்.

நாலு டிஸ்கின் நெற்றியிலும் சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது, காய்ந்து வெடித்திருந்தது. மூன்றாவதின் இடுக்கில் ஒரு அரிசி மாட்டிக்கொண்டிருந்தது.

எந்த டீலரும் டிஸ்குக்குப் பொட்டு வைத்து அனுப்புவதில்லை. அழிக்கவா என்ற கேள்வி திரையில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. வேண்டாம் என்பதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை அழுத்தி வெளியே வந்து மெஷினை அணைத்தேன். என் கோபத்தால் நான் இழந்த நட்புகள் உண்டு, வாடிக்கைகள் உண்டு. அது எனக்கு ஒரு உபகாரம் செய்தது அன்றைக்குத்தான்.

திரும்பினால் வாசலில் அந்தம்மா, கையில் மோர் டம்ளரோடு.

"இது பழைய டிஸ்க்கும்மா. இதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

"அதோட எடத்துலதானே போட்டேன்?" என்றார்.

"இது புது மெஷின். பழசு கீழ படிக்கட்டுக்கிட்ட இருக்கு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாம் வந்தது. அந்தம்மா பிறந்த வீடு இரும்புலியூர், ஒருகாலத்தில் ஏரிக்குக் கீழே வயல் வைத்திருந்த குடும்பம். ஒழுங்காகப் பேசிக்கொண்டே இருப்பார், பயம் வந்தால் பிறந்த வீட்டுப் பேச்சு வந்துவிடும் என்பதை அப்போது தெரிந்துகொண்டேன்.

"நேத்து நீங்க போன் பண்ணங்காட்டியும் எனக்கு உசுரே இல்லக்கா. அவருக்கு அடிச்சி அடிச்சிப் பாத்தேன், மேளச் சத்தத்துல எடுக்கவே இல்ல. மெஷின ஒழுங்கா ஷட்டவுன் பண்ணேன். போன வருசம் ஒரு டிஸ்க் கெட்டுப்போயி அவரு உருவி மாத்துனத பாத்துகினு இருந்தேன், அதே மாதிரி நாலையும் உருவி அரிசி டிரம்முக்குள்ள பொதைச்சிட்டேன். இப்ப அவரு சொன்னப்புறம்தான் இது அந்த ரெய்டு இல்லன்னு தெரிஞ்சிது. நீங்க சாப்பிட்டுகினு இருந்தப்ப ஓடியாந்து போட்டுட்டேன். அவருக்குத் தெரிஞ்சா ஊரு பூரா சொல்லி சிரிப்பாருக்கா."

"எதுக்கும்மா அவ்வளவு பயம்?"

"எங்க அண்ணன் சீடி கடை வச்சிருந்தப்ப ரெய்டு வந்தாங்க. கம்ப்யூட்டர் பொட்டிய எல்லாம் தூக்கிகினு பூட்டாங்க. அண்ணன் நாலே நாள்ல ஜாமீன்ல வந்துட்டான். பொட்டி இன்னிக்கு வரைக்கும் வர்ல."

இருவரும் கீழே போய்ப் பழைய சர்வரைத் தூக்கிக்கொண்டு வந்தோம். டிஸ்குகளை ஒவ்வொன்றாக உருவி, அரிசியை ஊதி, அதில் செருகினேன். எது எந்த இடத்தில் இருந்தது என்று அவருக்கு நினைவில்லை. "பரவால்ல, அதுங்களுக்கே தெரியும்," என்றேன். அது உண்மைதான். எந்த வரிசையில் வைத்தாலும் கார்டு படித்து அடையாளம் கண்டுகொள்ளும். ஆனாலும் ஆன் செய்துவிட்டு, எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்த ஜெபத்தில் பாதியைச் சொன்னேன். மீதி மறந்துவிட்டது. அந்தம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பச்சை விளக்குகள் ஒன்றொன்றாக எரிந்தன. ஒரே வால்யூம், குறை ஒன்றும் இல்லை என்று திரை சொன்னது. ஓ.எஸ். எழுந்தது. அந்தம்மா எனக்கு முன்னால் மௌசைப் பிடுங்கி அந்தக் கல்யாணத்தைத் திறந்தார்.

சமையற்கட்டு வாசலில் அந்த உயரமான பெண்மணி நின்றுகொண்டு கேமராவைப் பார்த்து அதட்டினார். "என்ன எதுக்கு சார் எடுத்துக்கிட்டே இருக்கீங்க? போங்க, போய்ப் பொண்ண எடுங்க!" சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அவ்வளவுதான் அந்தத் துண்டு. அந்தம்மா மறுபடியும் ஓட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் நான் முயலவில்லை.

மூன்றாம் முறை ஓடும்போது ஸ்டுடியோக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். கீழே போன சர்வர் மேலே இருக்கிறது, தரையெல்லாம் அரிசி, இரண்டு பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். என்ன என்றார். நான் சமாளிக்க ஏதோ ஆரம்பித்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது, அந்தம்மாவே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். "அரிசி டிரம்மா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்கு நடுவில் ஏதோ தட்டியது.

"இருடி. நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு? சாஃப்ட்வேர்கூட காசு கட்டித்தானே வச்சிருக்கோம்?"

"எனக்கு இன்னா தெரியும்? யாரு வந்து கேட்டாலும் கையெழுத்துப் போட்டுட்டு வர்ற ஆளு நீ. எதுலனா மாட்டிகினன்னு நெனச்சேன்." என் எதிரில் காலையிலிருந்து அவரு அவரு என்று சொல்லிவந்தவர், நீ என்று இறங்கியிருந்தார்.

அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "என்னைப் போலீஸ் புடிக்க வருதுன்னு நெனச்ச. ராத்திரி பூரா நெனச்சிக்கிட்டு இருந்திருக்க. அப்பவும் போயி டிஸ்க்க ஒளிச்சி வச்சிருக்கியே தவிர, என்னைப் பத்தி உனக்குக் கவலை இல்ல?"

அந்தம்மா திரையைப் பார்த்தார். முந்தானையால் வாயை மூடியபடி மணப்பெண்ணின் அம்மா அங்கே அப்படியே நின்றிருந்தார்.

"உன்ன ஜாமீன்ல இட்டாந்துர்லாம்," என்றார். "அந்தம்மாவ எங்கேர்ந்து இட்டார்றது?"